கார் மக்கர் செய்தால் எங்கிருந்து பார்ப்பது?

கார் தகராறு செய்ததும் பலரும் முதலில் கேட்பது, "எந்த பார்ட் போயிருக்கும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எப்போது அப்படிச் செய்கிறது? காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, ஓடிச் சூடேறிய பிறகா? பிரேக் மிதிக்கும்போதா, வளைக்கும்போதா, பள்ளத்தில் இறங்கும்போதா? நிற்கும்போதும் வருகிறதா, ஓடும்போது மட்டுமா? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடிந்தால் பாதிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும். பதில் தெரியாமல் பார்ட்டுகளை மாற்றத் தொடங்கினால் நன்றாக இருந்ததெல்லாம் மாறும், கெட்டது அப்படியே இருக்கும்.

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் நீங்களே கழற்றி மாட்ட வேண்டும் என்று இல்லை. மெக்கானிக்கிடம் என்ன சொல்வது என்று தெரிந்திருந்தால் போதும். எந்த நிலையில் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது என்பது மட்டும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் எதுவும்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

இது ஒரே கோளாறு போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்) சுற்றவே இல்லை. செல்ஃப் திணறுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. முதல் இரண்டும் கரண்ட் பக்கம். மூன்றாவதுக்கு வேறு இடத்தில் தேட வேண்டும்.

செல்ஃப் சுற்றவில்லை என்றால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். லைட் மங்கி அணையப் போவது போல ஆனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. "டிக் டிக் டிக்" என்று அடுக்கடுக்காகச் சத்தம் வந்தாலும் இதே காரணம்தான். லைட் பளிச்சென்று அப்படியே எரிகிறது, ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்கிறது என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். செல்ஃப் மோட்டாரையோ அதற்குக் கரண்ட் திறந்துவிடும் சோலினாய்டு சுவிட்சையோ பார்க்க வேண்டும். லைட் நன்றாக எரிகிறது, சத்தமே இல்லை என்றால் முதலில் சின்ன விஷயங்கள்: கிளட்ச் முழுவதும் மிதிபட்டதா? ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் பிரேக்கில் கால் இருந்ததா? பார்க்கில் எடுக்காத வண்டி நியூட்ரலில் எடுத்தால் கியர் லீவருக்கான சுவிட்சில் குறை. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ரிமோட் சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல வண்டிகளில் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் எடுத்துக்கொள்ளும்.

கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாங்க வேண்டிய கருவி எது என்று கேட்டால் நான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைத்தான் சொல்வேன். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. பிறகு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால், முழு சார்ஜில் இருந்தும் அப்படி இறங்கினால், பேட்டரிக்கு வயதாகிவிட்டது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12.5-லேயே நிற்கிறது என்றால் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, அல்லது அதன் பெல்ட் வழுக்குகிறது. அப்போது புது பேட்டரி போட்டாலும் சீக்கிரமே அதுவும் படுத்துவிடும்.

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருப்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் வெளியே சுத்தமாக இருந்து, கிளாம்ப்புக்கும் ஈயத் தண்டுக்கும் நடுவில் மட்டும் கறுத்துப்போயிருக்கும் டெர்மினல்தான் ஆளை ஏமாற்றும். மீட்டரின் ஒரு முனையை ஈயத் தண்டின் நடுவில் வையுங்கள், மறு முனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் வையுங்கள், ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் உலோகம். மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அந்த மெல்லிய கறுப்புப் படலம்தான் உங்கள் கரண்ட்டைத் தின்கிறது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கிளாம்ப்பைக் கையால் முறுக்கினால் ஒரு இம்மிகூட அசையக் கூடாது.

பேட்டரி புதுசு, சார்ஜும் ஏறுகிறது, ஆனாலும் இரண்டு நாள் நிறுத்தினால் படுத்துவிடுகிறது என்றால் ஏதோ ஒன்று தூங்காமல் கரண்ட் குடிக்கிறது. பூட்டிய வண்டி இழுப்பது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சகஜம். அதற்கு மேல் போனால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எந்த லைனில் இழுக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். அதற்கு முன் டிக்கிக்குள் இருக்கும் விளக்கைச் சந்தேகப்படுங்கள். மூடியபின் அது அணைகிறதா என்று யாருக்கும் தெரியாது. போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடுங்கள், திறந்து எடுத்துப் பாருங்கள். படம் இருட்டாக இருந்தால் சரி. வெளிச்சமாக இருந்தால் கள்ளன் அகப்பட்டுவிட்டான். வெளியிலிருந்து வாங்கி மாட்டிய கேமரா, சார்ஜர், ஆடியோ ஆகியவை அடுத்த சந்தேகம்.

இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது வரிசை முக்கியம். சிவப்பு வயர் படுத்த பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறு முனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு வயர் நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனை மட்டும் படுத்த வண்டியின் இன்ஜினில், பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத உலோகத்தில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். கடைசி இணைப்பில் வரும் பொறி அதன் பக்கத்தில் விழக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

ஒரே மூச்சில் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிடம் விட்டு அடியுங்கள், இல்லையென்றால் செல்ஃப் மோட்டாரும் சேர்ந்து கருகும்.

சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டுவந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பல பெட்ரோல் வண்டிகளில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒன்றிரண்டு வினாடிக்கு மெல்லிய ரீங்காரம் வரும். எரிபொருள் பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. வழக்கமாகக் கேட்கும் சத்தம் இப்போது இல்லை என்றால் பம்ப்பின் ஃபியூஸ், ரிலே (கரண்ட்டால் இயங்கும் சுவிட்ச்), பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் வண்டி உங்கள் சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது சாவியை எடுத்து வாருங்கள். செல்ஃப் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் துளிகூட அசையாமல் கிடந்தால் இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வர வேண்டும். அதுவும் சூடானால் ஸ்டார்ட் ஆகாமல், அரை மணி ஆறினால் ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால் சந்தேகம் இன்னும் பலம்.

அடிக்கடி ஸ்டார்ட் செய்து பெட்ரோல் வாடை குப்பென்று வந்தால், ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகள் அந்த நிலையில் பெட்ரோலை நிறுத்திவிட்டு உள்ளே காற்றை மட்டும் ஓட்டி உலர்த்தும். டீசல் வண்டியில், குளிரான காலையில், சுருள் போன்ற விளக்கு அணையும்வரை காத்திருந்து செல்ஃப் அடிக்க வேண்டும். அணைந்தபிறகும் திணறினால் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருந்த வண்டி பட்டென்று நின்றது, மறுபடி செல்ஃப் அடித்தால் எதிர்ப்பே இல்லாமல் வழக்கத்தைவிட வேகமாக "வீர்ர்" என்று சுற்றுகிறது என்றால் அதோடு நிறுத்துங்கள். பிஸ்டனையும் வால்வையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். ஒவ்வொரு முறை செல்ஃப் அடிப்பதும் சேதத்தைக் கூட்டும்.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

முள் நடுவைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். வெயிலில் கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். அணைத்த கையோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அழுத்தத்தில் இருப்பதால்தான் 100 டிகிரிக்கு மேலேயும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்து அழுத்தம் போன நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கையால் அமுக்கிப் பார்க்கக்கூடிய அளவு ஆறும்வரை காத்திருங்கள். அரை மணிக்குக் குறையாது.

எப்போது சூடேறுகிறது என்பதுதான் இங்கே சாவி. நெரிசலில் நின்றால் ஏறுகிறது, வேகமாகப் போனால் இறங்கிவிடுகிறது என்றால் ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், நிற்கும் வண்டிக்குத்தான் ஃபேன் தேவை. ஏசியைப் போட்டுவிட்டு எட்டிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டார். அதே பெட்டியில் அதே மாதிரி ரிலே வேறு ஏதாவது வேலைக்கு இருந்தால் மாற்றிச் சொருகிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. ஃபேன் சட்டென்று தானாகச் சுற்றும், கையை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தலைகீழாக, நெடுஞ்சாலையில் அல்லது ஏற்றத்தில் மட்டும் ஏறுகிறது என்றால் ஃபேன் குற்றவாளி இல்லை. ரேடியேட்டருக்குள் அடைப்பு, அல்லது அதன் முகத்தில் பூச்சியும் மண்ணும், அல்லது வாட்டர் பம்ப்பில் தேய்மானம். ஸ்டார்ட் செய்து சில நிமிடத்திலேயே ஏறுகிறது, மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் சில்லென்று இருக்கிறது என்றால் கூலண்ட் ஓட்டத்தைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் திறக்காமல் ஒட்டிக்கொண்டது. முள் மேலே நிற்கும்போது ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வருவது மோசமான சேதி. கூலண்ட் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது அல்லது ஓட்டமே நின்றுவிட்டது.

கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, கீழே ஒரு சொட்டுகூட இல்லை என்றால் அது இன்ஜினுக்குள் போகலாம். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் பால் கலந்தது போல் குழம்பாக இருக்கிறதா, சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா, இன்ஜின் ஓடும்போது கூலண்ட் டப்பாவில் குமிழிகள் நிற்காமல் வருகின்றனவா என்று பாருங்கள். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். மூடிக்கு அடியில் மட்டும் லேசாகப் பால் நிறம், மற்றதெல்லாம் சரி, வண்டி குறுந்தூரம்தான் ஓடுகிறது என்றால் பயப்பட வேண்டாம். அது உள்ளே ஆவி படிந்த ஈரம். ஒரு நெடும்பயணத்தில் காய்ந்துவிடும்.

வழியில் அவசரத்துக்கு வெறும் தண்ணீர் ஊற்றலாம், ஆறிய பிறகு, மெதுவாக. அதையே வழக்கமாக்கினால் உள்ளே துரு. பொதுவாக கூலண்ட்டும் டிஸ்டில்டு தண்ணீரும் பாதிக்குப் பாதி. நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்று என்று நம்பாதீர்கள், கையேட்டில் சொன்ன வகையைப் போடுங்கள்.

பிரேக்

பிரேக்கில் எந்த மாற்றம் தெரிந்தாலும் அடுத்த சர்வீஸ்வரை தள்ளிப்போடாதீர்கள்.

மிதித்தால் "கீச்" என்று மெல்லிய சத்தம்: பல பிரேக் பேட்களில் (டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் துண்டுகள்) தேய்ந்ததும் டிஸ்க்கை உரசும்படி ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். மாற்றச் சொல்லும் சத்தம் அது. மழையில் நனைந்த வண்டியோ இரவு நின்ற வண்டியோ காலையில் முதல் ஒன்றிரண்டு மிதிகளில் கீச்சிட்டு நின்றுவிட்டால் டிஸ்க்கில் படிந்த துரு, கவலை இல்லை. "கரகர" என்று இரும்பு இரும்பை அரைக்கும் சத்தம் வந்தால் பேட் முழுசாகத் தீர்ந்து, பின்தகடு டிஸ்க்கைத் தின்னத் தொடங்கிவிட்டது. அன்றைக்கே பார்க்க வேண்டும்.

பிரேக் மிதி கால்களுக்குக் கீழே துடிக்கிறது, வேகத்தில் மிதித்தால் ஸ்டீயரிங்கும் நடுங்குகிறது என்றால் டிஸ்க் சமமாக இல்லை. (வழுக்கும் சாலையில் அழுத்தி மிதிக்கும்போது கடகடவென்று துடிப்பது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், அது வேலை செய்கிறது என்று அர்த்தம்; காலை எடுக்காதீர்கள்.) மிதி பஞ்சு போல அமுங்குகிறது, இரண்டு மூன்று தடவை மிதித்தால் இறுகுகிறது என்றால் பிரேக் ஆயில் லைனில் காற்று இருக்கலாம், பின்னால் டிரம் இருந்தால் அதன் அட்ஜஸ்ட்மென்ட்டும் தளர்ந்திருக்கலாம். சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது மிதி மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் கசிகிறது, அல்லது வெளியே எங்கோ ஒழுகுகிறது. இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போகக் கூடாது, ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

மிதி கல்லாக இறுகிப்போனால், மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் பூஸ்டரைச் சோதியுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து தடவை மிதியுங்கள், காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் பிடித்ததும் மிதி காலுக்கடியில் லேசாக இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டர், அல்லது அதற்குப் போகும் வாக்குவம் ஹோஸ். மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கத்துக் காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிடிக்காமல் இருக்கலாம், அல்லது இழுக்கும் பக்கத்துக் காலிப்பர் விடாமல் பிடிக்கலாம். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் அருகே கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் விடவில்லை.

பிரேக் ஆயில் குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் தானாக இறங்கும். ஊற்றிவிட்டால் அந்த அறிகுறி மறைந்துபோகும். முதலில் பேட்டைப் பாருங்கள், அது கனமாக இருந்தும் ஆயில் குறைந்தால் ஒழுக்கைத் தேடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி. மலையிறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது அது கொதித்து ஆவியானால் மிதி வெறும் காற்றை அமுக்கும். அதனால்தான் பல கையேடுகள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கின்றன. பலரும் மறந்துபோகும் வேலை இது, ஆயில் பார்ப்பதற்கு நன்றாகவே இருப்பதால்.

எங்கோ ஒரு சத்தம்

ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது "டக் டக் டக்" என்று வந்தால் சக்கரத்தைச் சுற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிப்பக்க ஜாயின்ட். சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள், ரப்பர் பூட் கிழிந்து சுற்றிலும் கிரீஸ் தெறித்திருக்கும். சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைப் பார்த்துவிட்டால் பூட்டும் கிரீஸும் மாற்றினாலே போதும். மண் புகுந்து சத்தம் வந்தபின் ஜாயின்ட்டே போக வேண்டியதுதான்.

வேகத்தோடு கூடும் "ஊஊம்" என்ற இரைச்சல் வீல் பேரிங்காகவும் இருக்கலாம், டயராகவும் இருக்கலாம். பிரித்தறிய வழி உண்டு. காலியான நேரான சாலையில், சத்தம் வரும் வேகத்தில், ஸ்டீயரிங்கை மென்மையாக இடமும் வலமும் கொஞ்சம் அசையுங்கள். இடதுபக்கம் வளைக்கும்போது பாரம் வலதுபக்கச் சக்கரங்களில் விழும். அப்போது இரைச்சல் கூடி, வலதுபக்கம் வளைத்தால் குறைந்தால், வலதுபக்க பேரிங். எந்தப் பக்கம் வளைத்தாலும் சத்தம் மாறவில்லை, ஆனால் சாலையின் மேற்பரப்பு மாறினால் மாறுகிறது என்றால் டயர்.

பள்ளத்தில் "டொக் டொக்" என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடுதான், அதற்கடுத்து லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் மவுன்ட். "ஷாக் போச்சு" என்று நான்கு ஷாக்கையும் மாற்றச் சொன்னால், எது ஆடுகிறது என்று வண்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் ஆனதும் பானெட்டுக்குள் கீச்சிட்டு, சற்று நேரத்தில் அடங்கினால் பெல்ட். உடம்புக்கு அடியில் தகரம் அதிரும் சத்தம் பெரும்பாலும் சைலன்சரின் வெப்பத் தடுப்புத் தகடு, ஒரு கிளாம்ப்பில் தீரும்.

நடுக்கமும் இழுப்பும்

80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, இன்னும் வேகம் கூட்டினால் குறைகிறது: முன்சக்கர பேலன்சிங். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட் நடுங்கினால் பின்சக்கரம். வேகம் பிடிக்கும்போது மட்டும் நடுங்கி, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் நின்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட். நின்றபடி ஐட்லிங்கில் மட்டும் நடுக்கம் என்றால் இன்ஜின் மவுன்ட் அல்லது ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் எரியவில்லை.

நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுத்தால், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டுக்குப் போகும் முன் காற்றைப் பாருங்கள், டயர் ஆறியிருக்கும்போது. அளவு டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், உங்கள் வண்டிக்கான அளவு அது இல்லை. காற்று சமமாக இருந்தும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடுங்கள், ஒரு பக்கமாக மட்டுமே சுற்றும் வகை டயராக இல்லாவிட்டால். இழுப்பும் பக்கம் மாறினால் டயரில் குறை, மாறாவிட்டால் அலைன்மென்ட்.

டயர் தேய்ந்திருக்கும் விதமே நிறையச் சொல்லும். நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் குறைவு, ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட், மேடும் பள்ளமுமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர். பள்ளங்களுக்குள் இருக்கும் சின்ன மேட்டின் மட்டத்துக்கு, அதாவது 1.6 மில்லிமீட்டருக்கு, தேய்ந்துவிட்டால் டயர் முடிந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. தேயாமலேயே பழையதாகி வெடிப்பு விட்ட டயரையும் நம்பக் கூடாது.

புகையும் ஒழுக்கும்

நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று வந்து நின்றால் வால்வ் சீல், ஓட்டம் முழுக்க வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். வெள்ளைப் புகை குளிரில் வந்து, சூடானதும் மறைந்தால் வெறும் நீராவி.

வண்டிக்கு அடியில் இரவில் ஒரு அட்டையை விரித்துவையுங்கள். நிறமில்லாத தண்ணீர், ஏசி ஓடிய பிறகு: சகஜம். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் வழவழப்பாக: கூலண்ட். பழுப்பு அல்லது கறுப்பு: இன்ஜின் ஆயில். சிவப்பு: ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் அல்லது பவர் ஸ்டீயரிங். சக்கரத்துக்கு உட்புறம் மெல்லிய மஞ்சள் எண்ணெய்: பிரேக் ஆயில், வண்டியை எடுக்காதீர்கள். பெட்ரோல் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் இறங்கிவிடுங்கள்.

கிளட்ச், மைலேஜ், ஏசி

உயர்ந்த கியரில் ஏற்றத்தில் மிதித்தால் ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இன்ஜின் அணைந்திருக்கும்போது கியர் சுலபமாக விழுகிறது, ஓடும்போது விழ மறுக்கிறது என்றால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. கேபிளையோ ஆயிலையோ பாருங்கள்.

மைலேஜ் திடீரென்று இறங்கினால் டயர் காற்று, விடாமல் பிடிக்கும் பிரேக், அடைத்த ஏர் ஃபில்டர் மூன்றையும் பார்த்துவிட்டு தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் சூடேறவே நேரமாகும், எரிபொருள் கூடக் குடிக்கும்.

ஏசி காற்று குறைவாக, ஆனால் குளிர்ச்சியாக வந்தால் கேபின் ஃபில்டர் அடைப்பு. காற்று நிறைய வந்து குளிர்ச்சி இல்லை என்றால் கேஸ் குறைவு. ஆனால் அந்தக் கேஸ் மூடிய குழாயில் சுற்றுவது, தானாகத் தீராது. கசிவு எங்கே என்று பார்க்காமல் கேஸ் மட்டும் ஏற்றச் சம்மதிக்காதீர்கள். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது குளிர்ச்சி குறைந்தால் மறுபடியும் அந்த ரேடியேட்டர் ஃபேன்தான்.

டேஷ்போர்டு விளக்குகள்

சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் கவனி. சிவப்பில் மிக அவசரமானது எண்ணெய்க் குடுவை விளக்கு. ஆயில் அழுத்தம் இல்லாமல் இன்ஜின் ஒரு நிமிடம் ஓடினாலும் பேரிங்குகள் தீய்ந்துவிடும். ஓரம் கட்டி அணைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து சமதரையில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பல வண்டிகளில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே சுமார் ஒரு லிட்டர். மட்டம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள்.

பேட்டரி விளக்கு ஓடும்போது எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை. ஏசி, ஆடியோவை அணைத்துவிட்டு, இன்ஜினை நிறுத்தாமல் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். சில வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றும், அதனால் டெம்பரேச்சர் முள்ளில் ஒரு கண் இருக்கட்டும்.

மஞ்சள் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த மூடியாலும் பல வண்டிகளில் எரியும், சில ஓட்டங்களுக்குப் பிறகு தானாக அணையும். அணையவில்லை என்றால் ஸ்கேனர் போட்டு, வண்டி பதிந்துவைத்திருக்கும் கோளாறு எண்ணை, அதாவது கோடை (code), படிக்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகும் சின்ன ஓபிடி கருவியும் போன் செயலியும் இருந்தால் நீங்களே படிக்கலாம். ஆனால் கோடு காட்டுவது புகாரை மட்டும்தான். பி0171 வந்தால் காற்றுக்கு எரிபொருள் போதவில்லை என்று அர்த்தம். "ஆக்ஸிஜன் சென்சாரை மாற்று" என்று அர்த்தம் இல்லை. வெடித்த காற்றுக் குழாய், அழுக்கான ஏர் ஃப்ளோ சென்சார், பலவீனமான எரிபொருள் பம்ப் எதுவும் அதே கோடைத் தரும். கோடை அழிப்பதற்கு முன் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், மெக்கானிக்குக் காட்ட வேண்டியது அதுதான்.

அதே விளக்கு மின்னி மின்னி எரிந்தால், கூடவே இன்ஜின் குலுங்கினால், பி0300 அல்லது அதை ஒட்டிய எண்கள் வரும். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று பொருள். ஒரு ஸ்பார்க் பிளக், அல்லது அதற்கு உயர் வோல்ட்டேஜ் தரும் ஒரு இக்னிஷன் காயில், இதுதான் பெரும்பாலும் காரணம். எந்தச் சிலிண்டர் என்பதைக் கோடின் கடைசி எண் சொல்லும்: பி0302 என்றால் இரண்டாவது. அந்தக் காயிலை மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கோடு பி0303 என்று மாறினால் காயில் கெட்டிருக்கிறது, ஒரே ஒரு காயில் வாங்கினால் போதும். பி0302-லேயே நின்றால் அடுத்துப் பிளக், அதற்கடுத்து இன்ஜெக்டர். அதுவரை வண்டியை நீண்ட தூரம் ஓட்டாதீர்கள், அடி சூடாகி நிற்கும்போது காய்ந்த புல்லின் மேல் நிறுத்தவும் செய்யாதீர்கள்.